டிஷ்வாஷரில் துருக்கறை: இரும்பு எங்கிருந்து வருகிறது?

முதலில் வெள்ளைப் பீங்கான் கோப்பைகளில்தான் தெரிந்தது. கோப்பையின் அடியில், பளபளப்புப் பூச்சு ஏறாத அந்தச் சொரசொரப்பான வளையத்தில், காவி நிறத்தில் ஒரு கோடு. அப்புறம் எவர்சில்வர் தட்டுகளில் மிளகுத்தூள் தூவினது மாதிரி பழுப்புப் புள்ளிகள். டிஷ்வாஷரைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்சுவரிலும் கதவின் கீழ் ஓரத்திலும் மெல்லிய ஆரஞ்சுப் படலம். பாத்திரம் கழுவத்தான் வாங்கிய பெட்டி; அதுவே பாத்திரத்துக்குக் கறை பூசிக்கொண்டிருந்தது.

எங்கள் வீடு சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில். குழாயில் வருவது பெரும்பாலும் போர் தண்ணீர். கோடையில் லாரித் தண்ணீரும் கலக்கும். இயந்திரம் கொரோனா ஊரடங்கில் வாங்கியது. உள்தொட்டி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பாத்திரம் அடுக்கும் ராக்குகள் சாம்பல் நிறப் பூச்சு போட்ட இரும்புக் கம்பி. சர்வீஸ்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "மிஷின்ல ஒண்ணும் இல்ல சார், உங்க தண்ணிதான்" என்று சொல்லி ஒரு பவுடர் பாக்கெட்டை விற்றுவிட்டுப் போனார். அவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியைக் கண்டுபிடிப்பதில்தான் என் நேரம் போயிற்று. கறையை எடுக்க எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போதும், பெரிய வித்தை இல்லை. ஆனால் இரும்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் கறையை மட்டும் எடுத்தால், கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதற்கும் முன்னால், அது துருதானா என்று பார்க்க வேண்டும். நம் சமையலில் மஞ்சள்தூள் இல்லாத குழம்பு ஏது? மஞ்சளில் இருக்கும் குர்குமின், காரத்தன்மையுள்ள பொருள், அதாவது சோப்பு மாதிரி அமிலத்துக்கு எதிரானது, பட்டால் சிவக்கும். வேட்டியில் சிந்திய சாம்பார், சோப்புப் போட்டதும் ரத்தச் சிவப்பாக மாறுமே, அதேதான். டிஷ்வாஷர் டிடர்ஜென்ட் நன்றாகவே காரத்தன்மை கொண்டது. அதனால் ஸ்பூன் கூடை, தண்ணீர் பீய்ச்சும் கைகள், டிபன் டப்பா மூடிகள் என்று உள்ளே போகும் வெளிர்நிற பிளாஸ்டிக் எல்லாம் ஆரஞ்சுச் சிவப்பாகி, துருப் பிடித்த மாதிரியே தெரியும். எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கறை மேல் ஒரு துளி பிழிந்து பாருங்கள். மஞ்சளாக இருந்தால் சிவப்பு உடனே இறங்கி மஞ்சள் நிறம் திரும்பும். துருவாக இருந்தால் உடனே ஒன்றும் நடக்காது. பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தால் கறை துணியோடு வரும். இன்னும் சந்தேகம் என்றால் மொட்டைமாடி வெயிலில் ஒரு பகல் வையுங்கள். மஞ்சள் வெளுத்துப்போகும், துரு வெளுக்காது. எங்கள் ஸ்பூன் கூடையின் நிறம் பெரும்பாலும் மஞ்சள்தான் என்று இப்படித் தெரிந்தது. தட்டுகளிலும் தொட்டியிலும் இருந்தது அசல் துரு.

துருவிலும் எல்லாம் ஒரே துரு இல்லை. கறை இருக்கும் இடத்தையும் வடிவத்தையும் பார்த்தாலே காரணம் ஓரளவு புரிந்துவிடும். கண்ணாடி டம்ளர், தட்டு, சுவர் என்று எல்லாவற்றிலும் ஒரே சீராகப் படலம் இருந்தால் இரும்பு தண்ணீரில் வருகிறது. வரிசையாக நிற்கும் தட்டுகளில் ஒரே உயரத்தில் ஒரே மாதிரி கோடு இருந்தால் ராக்கின் கம்பியைப் பாருங்கள். வழவழப்பான எவர்சில்வரில் அங்கங்கே சிதறிய புள்ளிகள், தேய்த்தால் போய்விடுகின்றன, அடியில் உலோகம் பளிச்சென்று இருக்கிறது என்றால், வேறெங்கிருந்தோ வந்த இரும்புத் துகள் ஒட்டித் துருப் பிடித்திருக்கிறது; தட்டின் மேல் குற்றமில்லை. தேய்த்த பிறகும் ஊசிமுனைப் பள்ளம் தெரிந்தால்தான் அந்தப் பாத்திரமே அரிக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் நான்கும் இருந்தன.

தண்ணீரிலிருந்து தொடங்கினேன். ஆர்.ஓ. வைத்திருக்கும் பல வீடுகளில் டி.டி.எஸ். பார்க்கும் பேனா இருக்கும். இந்த விஷயத்துக்கு அது உதவாது. மொத்த உப்பு லிட்டருக்கு 800 மில்லிகிராம் என்று காட்டும் தண்ணீரில் இரும்பு வெறும் 2 மில்லிகிராம் இருந்தாலும் கறை பிடிக்கும். பேனாவுக்கு அந்த 2 தனியாகத் தெரியாது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் போனாலே துணியிலும் குழாயிலும் கறை படியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 முதலில் இதே 0.3 என்று வைத்திருந்தது. 2015 திருத்தத்தில் 1 மில்லிகிராமாகத் தளர்த்திவிட்டார்கள். ஆக, குடிக்கத் தகுந்த தண்ணீர் என்று சான்று வாங்கிய தண்ணீரும் கோப்பையைக் காவியாக்கலாம்.

சரியான அளவு வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். இரும்பு உண்டா இல்லையா என்று மட்டும் அறிய வீட்டுச் சோதனையே போதும். போர் தண்ணீரை நேராக மோட்டார்க் குழாயிலிருந்து ஒரு வெள்ளைப் பக்கெட்டில் பிடித்து இரவு முழுக்க மூடாமல் வைத்தேன். பிடிக்கும்போது கண்ணாடி போலத் தெளிவு. காலையில் வெளிர்மஞ்சள், அடியில் செம்மண் நிற வண்டல். இன்னொரு டம்ளரில் அதே தண்ணீரோடு கொஞ்சம் டீ டிக்காஷனை ஊற்றினேன். கேன் தண்ணீரில் ஊற்றியது செந்நிறமாகவே இருக்க, இது சாம்பல் கலந்த கறுப்பாக மாறியது. தேயிலையில் இருக்கும் துவர்ப்புப் பொருளான டானின் இரும்போடு சேர்ந்தால் மை. அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை கூட்டியதும், கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு ஏறுவதும் இந்த ஒரே வேதியியல்தான். அம்மா பார்த்துவிட்டு, "அதான் இங்க டீ ஊர்ல போடற மாதிரி வர்றதில்லையா?" என்றாள். அதுவும் ஒரு காரணம்தான் அம்மா.

நிலத்தடியில் காற்றுப் படாமல் இருக்கும்வரை இரும்பு தண்ணீரில் கரைந்து நிறமில்லாமல் இருக்கிறது. காற்றுப் பட்டால் மெதுவாகத் துருவாகப் பிரிந்து படியும். சூடும் காரமும் சேர்ந்தால் இது மளமளவென்று நடக்கும். டிஷ்வாஷருக்குள் தண்ணீரைச் சூடாக்கி, டிடர்ஜென்ட் கலந்து, காற்றில் பீய்ச்சி அடிக்கிறோம். துருவைப் படிய வைக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தாலும் இதைவிட நன்றாகச் செய்ய முடியாது.

பழைய கட்டடமாக இருந்தால் ஜி.ஐ. குழாயையும் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) சந்தேகப்படலாம். காலையில் முதல் தண்ணீர் மட்டும் பழுப்பாக வந்து பிறகு தெளிந்தால் குழாய். நாள் முழுக்க அப்படியே இருந்தால் போர். எங்களுக்குக் குழாய் எல்லாம் பிளாஸ்டிக், அதனால் அந்தக் கேள்வி இல்லை. கீழே பம்ப் அறையில் இரும்பு நீக்கும் ஃபில்டர் ஒன்று உண்டு என்று நினைவு வந்து போய்ப் பார்த்தேன். ஆளுயரத் தொட்டி, வால்வு கைப்பிடியில் ஒட்டடை.

"இதுக்கு பேக்வாஷ் எப்ப பண்ணுவீங்கண்ணே?"

"பேக்வாஷா? மோட்டார் போடணும் நிறுத்தணும்னுதான் சார் சொன்னாங்க."

பம்ப் பார்த்துக்கொள்பவர் மேல் தப்பே இல்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உள்ளே இருக்கும் மணல் படுகை பிடித்து வைத்த துருவைத் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அவ்வப்போது அலசி வெளியேற்றாவிட்டால், அந்த ஃபில்டர் கொஞ்ச நாளில் துருவைச் சேர்த்து வைத்து மேலே அனுப்பும் கிடங்காகிவிடும். குடியிருப்போர் சங்கத்தில் சொல்லி, பேக்வாஷ் செய்து, மேல்தொட்டியையும் கழுவ வைத்தோம். தொட்டியின் அடியில் வழுவழுவென்று காவிச் சேறு. இது சும்மா படிந்த துரு மட்டுமில்லை, இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியா சேர்ந்த வழுவழுப்பு. கழிவறை ஃபிளஷ் தொட்டியின் மூடியைத் திறந்தால் பல வீடுகளில் இதைப் பார்க்கலாம்.

வீட்டுக்குள் நான் செய்தது இரண்டு. டிஷ்வாஷருக்குப் போகும் குழாயில் 5 மைக்ரான் வண்டல் ஃபில்டர் ஒன்றை மாட்டினேன். கரைந்த இரும்பை அது பிடிக்காது. ஆனால் கீழ்த்தொட்டியிலும் மேல்தொட்டியிலும் கிடந்து வரும் தண்ணீரில் இரும்பின் பெரும்பகுதி ஏற்கெனவே துகளாகியிருக்கும், அதைப் பிடிக்கும். அந்த ஃபில்டருக்குள் இருக்கும் வெள்ளைக் கேண்டில் சீக்கிரமே செங்கல் நிறத்துக்கு வந்ததே சாட்சி. இரண்டாவது, இயந்திரத்தின் நுழைவுக் குழாய் முனையில் இருக்கும் சின்ன வலை. குழாயை அடைத்து, ஹோஸைக் கழற்றி, மூக்கு இடுக்கியால் இழுத்தால் வந்துவிடும். அதில் அப்பியிருந்ததை ஸ்பூனால் வழிக்கலாம் போலிருந்தது.

அடுத்து உள்ளே. கீழ் ராக்கை வெளியே எடுத்து, ஃபில்டரைத் திருகிக் கழற்றி, அடியில் இருக்கும் குழியில் நீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை பிளாஸ்டிக் கவரில் சுற்றி அந்தக் குழிக்குள் துழாவினேன். ஒரு சேஃப்டி பின்னும், கறுத்துப் போன கம்பி நார் இழைகள் ஒரு கொத்தும் வந்தன. அடிப்பிடித்த பாத்திரத்தைக் கம்பி நாரால் தேய்த்துவிட்டு டிஷ்வாஷரில் வைக்கும்போது உதிரும் இழைகள்தான் இவை. ஒவ்வொரு கழுவலிலும் சுற்றிச் சுற்றி அடித்து, தட்டில் ஒட்டி, ஈரத்தில் துருப் பிடித்திருக்கின்றன. மிளகுத்தூள் புள்ளிகளுக்குக் காரணம் கிடைத்தது. இப்போது அடிப்பிடித்தால் தேங்காய் நார்தான். கொஞ்சம் அதிக நேரம் ஊற வேண்டும், அவ்வளவே.

இதே வேலையைச் செய்யும் வேறு சிலவும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. காய் சீவும் பீலர், அதன் பிளேடு ஸ்டெயின்லெஸ் என்று பெயர்தான். கத்தரிக்கோலின் ஆணி. விளிம்பில் கம்பி வளைத்த டீ வடிகட்டி. தேங்காய்த் துருவியின் பல். கத்தி கூர் நிற்பதற்காகக் கார்பன் அதிகமாகவும் குரோமியம் குறைவாகவும் சேர்த்த எஃகில் செய்யப்படுவது, அதனால் கத்தியைக் கையால் கழுவித் துடைத்து வைப்பதே நல்லது. இரும்பு தோசைக்கல்லும் வாணலியும் எந்தக் காலத்திலும் டிஷ்வாஷருக்குள் போகக் கூடாது. எண்ணெய் பழகிய மேற்பரப்பை டிடர்ஜென்ட் ஒரே கழுவலில் உரித்துவிடும். கல்லும் துருப் பிடிக்கும், அதன் துரு மற்றப் பாத்திரங்களுக்கும் போகும்.

பாத்திரக் கடையில் காந்தம் ஒட்டாவிட்டால் உசத்தி என்று சொல்வதை முழுசாக நம்ப வேண்டாம். 304 வகை எஃகில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அது காந்தத்தில் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 202 வகையும் ஒட்டாது. ஆனால் துருவைத் தாங்கும் சக்தி அதற்குக் குறைவு. காந்தம் ஒட்டினால் நிக்கல் இல்லாத வகை என்று சந்தேகிக்கலாம். ஒட்டவில்லை என்பதால் மட்டும் நல்ல சரக்கு என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் ஊசிமுனைப் பள்ளம் விழுந்த இரண்டு தட்டுகளும் காந்தத்தில் ஒட்டாதவைதான். உப்பும் இதற்கு உடந்தை. சாம்பார் ஒட்டிய தட்டை இரண்டு நாள் சேர்த்து வைத்துக் கழுவினாலும், தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கப் போடும் டிஷ்வாஷர் உப்பை நிரப்பும்போது தொட்டியில் சிந்தியதை அப்படியே விட்டாலும், அதிலுள்ள குளோரைடு எஃகின் மேலிருக்கும் குரோமியப் படலத்தை ஓட்டை போடும். உப்பு நிரப்பினால் உடனே ஒரு கழுவல் ஓட்டச் சொல்வது இதற்காகத்தான்.

இனிமேல்தான் கறை எடுக்கும் வேலை. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலம் 100 கிராம் எடுத்துக்கொண்டேன். பாத்திரம் எதுவும் இல்லாமல், டிடர்ஜென்ட்டும் இல்லாமல் ஓட்ட வேண்டும். டிடர்ஜென்ட் காரம், இது அமிலம். இரண்டையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு இரண்டுமே வீண். இன்னொரு விஷயம், தூளைத் தொடக்கத்திலேயே தொட்டியின் தரையில் கொட்டக் கூடாது. பெரும்பாலான சுற்றுகளில் முதலில் ஒரு முன்கழுவல் நடந்து அந்தத் தண்ணீர் வெளியே போய்விடும், தூளும் கூடவே போகும். நான் அதிகச் சூட்டுச் சுற்றை வைத்து, முன்கழுவல் வடிந்து புதுத் தண்ணீர் இறங்கியதும் நிறுத்தி, கதவைத் திறந்து தூளைப் போட்டு மூடினேன். தண்ணீர் சூடேறிக் கொஞ்ச நேரம் சுழன்றதும் மறுபடி நிறுத்தி அரைமணி நேரம் ஊறவிட்டேன். ரத்து செய்யும் பட்டனை அழுத்தினால் தண்ணீர் வடிந்துவிடும், இடைநிறுத்தம் மட்டும்தான் செய்ய வேண்டும். கதவைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், உள்ளே 65 முதல் 70 டிகிரி ஆவி.

முதல் சுற்றிலேயே சுவர்கள் வெள்ளி நிறத்துக்கு வந்துவிட்டன. அடியில் நின்ற தண்ணீர் வெளிறிய டீ நிறம். சிட்ரிக் அமிலம் துருவைக் கரைப்பதோடு, கரைந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அது மறுபடி படியாமல் வடிகாலோடு போய்விடுகிறது. உப்புத் தண்ணீர் ஊர்களில் சூட்டில் கொஞ்சம் வெண்பொடி மிஞ்சலாம். அது சுண்ணாம்புச் சத்து இந்த அமிலத்தோடு சேர்ந்தது, அடுத்த கழுவலில் போய்விடும். பிறகு டிடர்ஜென்ட் போட்டு வெறும் சுற்று ஒன்று ஓட்டினேன்.

குளியலறை டைல்ஸுக்கு ஊற்றும் ஆசிட்டை இங்கே நினைத்தே பார்க்காதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறை போகும், கூடவே எஃகும் போகும். பிளீச்சும் வேண்டாம். துருவை அது எடுக்காது, கரைந்த இரும்பையும் ஆக்சிஜனேற்றிக் கறையாக அழுத்தமாகப் பதித்துவிடும். இரண்டையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஆக்ஸாலிக் அமிலம் துருவுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் விஷம், சாப்பிடும் தட்டுக்கு எனக்கு மனசு வரவில்லை.

தட்டுகளுக்கு அம்மா சொன்னது புளி. "ஊறின புளியை அப்பிட்டு அஞ்சு நிமிஷம் விடுடா, எலுமிச்சை உப்பெல்லாம் எதுக்கு?" புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், பித்தளைக் குத்துவிளக்கை மினுக்குவதும் அதுதான். ஒரு தட்டில் புளி, ஒரு தட்டில் எலுமிச்சை உப்பைக் குழைத்த பசை என்று போட்டுப் பார்த்தேன். புள்ளிகள் இரண்டிலும் போயின. ஒரே நிபந்தனை, பித்தளைக்குச் சேர்ப்பது மாதிரி எவர்சில்வருக்குப் புளியோடு உப்பைச் சேர்க்கக் கூடாது. தேய்க்கும்போது உலோகத்தின் கோடு போகும் திசையிலேயே துணியால் தேய்க்க வேண்டும். கண்ணாடி டம்ளர்களை இளஞ்சூடான எலுமிச்சை உப்புக் கரைசலில் போட்டு வைத்தேன். படலம் தானாகவே கழன்றது. பீங்கான் கோப்பைகளைக் கவிழ்த்து இரவு முழுக்க அடிவளையம் முழுகும்படி வைக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அந்த இடம் தண்ணீரை உறிஞ்சக்கூடியது. மெலமைன் தட்டுகளில் கீறல்களுக்குள் இறங்கிய கறை முழுசாகப் போகவில்லை. அலுமினியக் குக்கரின் உட்புறக் கறுப்பைத் துரு என்று நினைத்து இதில் போட வேண்டாம். அது டிடர்ஜென்ட் காரத்தில் அலுமினியம் கறுப்பது, வேறு கதை.

கடைசியாக ராக். நிறையப் பொறுமை கேட்ட வேலை இதுதான். கம்பிகளின் நுனியில் பூச்சு வெடித்து, உள்ளே இருந்த இரும்பு துருப் பிடித்து உப்பியிருந்தது. புது ராக் என்ன விலை என்று கேட்டேன்; பழுது பார்க்கலாம் என்று முடிவெடுக்க அந்தப் பதிலே போதும். வெடித்த இடத்தின் மேல் நேராகப் பெயின்ட் அடித்தால் ஒரு பயனும் இல்லை, பூச்சுக்கு அடியில் துரு நகர்ந்துகொண்டே போகும். தளர்ந்த பூச்சைப் பிளேடால் நல்ல பகுதி வரும்வரை வெட்டி எடுத்து, 220 எண் எமரித் தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து வெயிலில் காயவிட்டேன்.

ஒற்றையாக நிற்கும் கம்பிகளுக்கு ரிட்சி தெருவில் வாங்கிய ஹீட் ஷ்ரிங்க் குழாய், அதாவது சூடு பட்டால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை, உள்பக்கம் பசை பூசிய வகை. கடைக்காரர், "எந்த வயருக்கு சார்?" என்றார். பாத்திரம் வைக்கிற கம்பிக்கு என்றதும் ஒரு பார்வை பார்த்துவிட்டு 6 மில்லிமீட்டரை எடுத்துக் கொடுத்தார். நுனியைத் தாண்டிக் கொஞ்சம் நீளமாக விட்டு, ஹீட் கன்னால் சுருக்கி, சூடாக இருக்கும்போதே நுனியை இடுக்கியால் நசுக்கினால் பசை உள்ளே அடைத்துக்கொள்ளும். பக்கத்துக் கம்பியின் பூச்சு உருகாமல் இருக்க நடுவில் அலுமினியத் தாளை மடித்து நிறுத்திக்கொண்டேன். ஹேர் டிரையர் சூடு இதற்குப் போதவில்லை. கம்பிகள் குறுக்கே சேரும் வெல்டு இடங்களில் குழாய் நுழையாது. அங்கே டிஷ்வாஷர் ராக்குக்கென்றே விற்கும் வினைல் பூச்சை ஆன்லைனில் வாங்கி மெல்லிதாக இரண்டு தடவை தடவி, மறுநாள்வரை தொடாமல் விட்டேன். நிறம் பொருந்தவில்லை, ராக் தேமல் பிடித்தது மாதிரி இருக்கிறது. பரவாயில்லை, தட்டில் கோடு விழுவது நின்றுவிட்டது.

பள்ளம் விழுந்த இரண்டு தட்டுகளும் இப்போது கையால் கழுவும் வரிசையில். பீலர் புதிது. கதவின் கீழ் ஓரம் மட்டும் இன்னும் லேசாகக் காவி ஏறுகிறது; அந்த இடத்துக்குத் தண்ணீர் வீச்சு சரியாகப் போவதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு நுழைவு வலையைக் கழுவும்போதே அங்கேயும் எலுமிச்சை உப்பு நனைத்த துணியால் ஒரு துடை. கேண்டிலை நிறம் பார்த்து மாற்றுகிறேன். பேக்வாஷ் செய்யும் நாளை பம்ப் அறைச் சுவரில் எழுதி ஒட்டியாயிற்று. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அந்த ஃபில்டரின் மணல் படுகையை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும்.